உருளைக்கிழங்குத் தலை, பிளாஸ்டிக் கடல்

கண்ணும் மூக்கும் இல்லாத துணிப் பொம்மைகள். மேடை ஒரு குட்டை மேசை. ஒளி ஒரு மெழுகுவத்தி. இவ்வளவை வைத்துக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளைகளை மூச்சுக் காட்டாமல் உட்கார வைக்கிறது ஜெர்மானியப் பொம்மை நாடகம். எப்படி?

1905-ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தில், மஜோரே ஏரிக்கரையில் இருக்கும் அஸ்கோனா என்ற ஊர். அங்கே தன் இரண்டு பெண் குழந்தைகளுடன் தங்கியிருந்தார் 22 வயது கேத்தே குரூஸ். மூத்தவள் மரியாவுக்கு மூன்று வயது. அம்மா கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்து, தனக்கும் அதேபோல ஒரு பாப்பா வேண்டும் என்று கேட்டாள். பெர்லினில் இருந்த அப்பாவுக்குத் தகவல் போனது. அப்பா மாக்ஸ் குரூஸ் பேர்பெற்ற சிற்பி. பீங்கான் முகமும் கண்ணாடிக் கண்ணுமாகக் கடைகளில் விற்ற பொம்மைகள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. பார்க்கவே சகிக்கவில்லை, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்ற பொருள்படப் பதில் எழுதிவிட்டார்.

கேத்தே ஒரு துண்டை எடுத்தார். நடுவில் மணலை வைத்தார். கைக்குழந்தையின் கனம் வந்துவிட்டது. முனைகளில் முடிச்சுப் போட்டார்; கையும் காலும் ஆயின. தலைக்கு ஓர் உருளைக்கிழங்கு. எரிந்த தீக்குச்சியின் கரியால் கண், மூக்கு, வாய். மரியாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கிழங்கு எத்தனை நாள் தாங்கும்? பாப்பா சிதைந்து போனாள். அம்மா அடுத்ததைச் செய்தார். அப்புறம் அதைவிட நல்லதாக இன்னொன்று. 1910-இல் பெர்லினின் டீட்ஸ் பல்பொருள் அங்காடியில், வீட்டில் செய்த பொம்மைகளுக்கென்று நடந்த கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. கேத்தே குரூஸ் என்ற பெயர் ஜெர்மனி முழுக்கத் தெரிந்தது.

பொம்மைத் தொழிலின் வரலாற்றில் இது ஒரு சுவையான அத்தியாயம். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த முதல் உருளைக்கிழங்குதான். சிற்பியின் கண்ணுக்குத் தப்பாத ஒன்று, மூன்று வயதுக் குழந்தையின் மடியில் நிரூபணமானது. பொம்மை தன் பங்குக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால், மிச்சத்தைக் குழந்தை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. மழலையருக்கான பொம்மை நாடகம் என்ற கலையே இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

கைக்குட்டைக்கு உயிர் வந்த கதை

மரியாவின் பாப்பா பிறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1907-இல், ருடால்ஃப் ஸ்டைனர் என்ற தத்துவவாதி குழந்தைக் கல்வி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் சொன்ன பொம்மையும் ஏறத்தாழ இதே கதைதான். பழைய கைத்துணி ஒன்றை மடித்து, இரண்டு முனைகளைக் காலாகவும் இரண்டைக் கையாகவும் விட்டு, ஒரு முடிச்சைத் தலையாக்கி, மைப்பொட்டு வைத்துக் கண்ணும் வாயும் வரைந்து கொடுங்கள் என்றார். அச்சு அசலாக மனிதரைப் போலவே செய்த அழகுப் பொம்மையைக் கொடுத்தால் குழந்தையின் கற்பனைக்கு வேலையே இல்லாமல் போகும் என்பது அவர் வாதம். வேலை செய்யும் கை உரமேறுவதுபோல, கற்பனை செய்யும் மூளை வளரும் என்றும் எழுதினார். பின்பாதி அவருடைய ஊகம். முன்பாதி, பிள்ளை வளர்த்தவர்கள் எல்லோரும் கண்ணால் கண்டது.

1919 செப்டம்பரில் ஸ்டுட்கார்ட் நகரில், வால்டோர்ஃப்-அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலையின் தலைவர் எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அதை வழிநடத்தியவர் ஸ்டைனர். சிகரெட் கம்பெனியின் பெயரே பள்ளிக்கும் ஒட்டிக்கொண்டது. ஸ்டைனர் இறந்த மறு ஆண்டு, 1926-இல், எலிசபெத் ஃபொன் குருனேலியுஸ் என்ற ஆசிரியை அங்கே மழலையர் பிரிவைத் தொடங்கினார். நாஜி ஆட்சி 1938-இல் பள்ளியை மூடியது. போர் முடிந்ததும் மீண்டும் திறந்தார்கள். இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்டோர்ஃப் பள்ளிகளும், அதைவிட அதிகமான மழலையர் பள்ளிகளும் இருக்கின்றன. பலவற்றில் பொம்மை நாடகம் வாராந்தர வாழ்க்கையின் ஒரு பகுதி.

அந்தக் காலைப் பொழுது ஏறத்தாழ இப்படி இருக்கும். திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்ட அறை. அரைவட்டமாகக் குட்டி நாற்காலிகள். எதிரே ஒரு தாழ்வான மேசை, மேலே மெல்லிய பட்டுத் துணி மூடியிருக்கிறது. மேசைக்குப் பின்னால் ஆசிரியை எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்திருக்கிறார். ஒளிந்துகொள்ளத் திரை கிடையாது. மெழுகுவத்தியை ஏற்றுகிறார். மடியில் வைத்திருக்கும் சின்ன யாழை மீட்டுகிறார். துணியை மெதுவாக விலக்குகிறார். பச்சைத் துணி மேடாகிக் குன்றாகியிருக்கிறது. நீலத் துணி ஓடையாக வழிகிறது. ஒரு வேர்க்கட்டை குகை. நாலைந்து தேவதாருக் காய்கள் காடு. கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெரிதாக, கம்பளிப் பஞ்சில் செய்த ஒரு கிழவர் அந்தக் காட்டோரம் நிற்கிறார்.

கிழவருக்கு முகம் இல்லை. வெள்ளைத் தாடி உண்டு, அவ்வளவுதான். சில பொம்மைகளுக்கு இரண்டு கண்புள்ளி இருக்கும். பலவற்றுக்கு அதுவும் இருக்காது. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும். சிரித்த முகத்தோடு செய்த பொம்மை, காட்டில் வழி தவறித் தவிக்கும்போதும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். முகமே இல்லாவிட்டால், கதை எங்கே அழுகிறதோ அங்கே பொம்மையும் அழும். அந்த அழுகையைக் குழந்தைதான் கொண்டுவந்து ஒட்டுகிறது.

ஆசிரியையின் குரலிலும் அதே சிக்கனம். ஓநாய்க்கு ஒரு கர்ஜனை, பாட்டிக்கு ஒரு கீச்சுக்குரல் என்று மாற்றி மாற்றிப் பேசமாட்டார். ஒரே நிதானத்தில் கதை போகும். பொம்மை அடிமேல் அடி வைத்து நகரும். அதிகம் போனால் பத்து நிமிடம். முடிந்ததும் அதே பட்டுத் துணி மறுபடி மூடும். மெழுகுவத்தி அணையும். 'இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?' என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகள் எழுந்து சாப்பிடப் போவார்கள். கேள்வி கேட்காத அந்தக் கதை, பிற்பகலில் அறை மூலையில், ஒரு சால்வையும் நாலு கொட்டைகளுமாக, பிள்ளைகள் கையில் தானாக மறுபடி நடக்கும்.

மண்ணுக்குள் தூங்கும் பிள்ளைகள்

இந்த நாடகங்களில் இரண்டு வகைக் கதைகள் உண்டு. ஒன்று தேவதைக் கதை. மற்றது பருவம் மாறும் கதை.

இரண்டாவது வகைக்குத் தாய்போல ஒரு புத்தகம் இருக்கிறது. கிழக்குப் பிரஷ்யாவில் 1881-இல் பிறந்து, பின்னாளில் கன்னியாஸ்திரீ ஆன சிபில் ஃபொன் ஓல்ஃபர்ஸ் எழுதி வரைந்து, 1906-இல் வெளிவந்த 'வேர்ப் பிள்ளைகள்' கதைதான் அது. குளிர்காலம் முழுக்க மண்ணுக்கடியில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். வசந்தம் வரும் நேரம் பூமித்தாய் அவர்களை எழுப்புகிறாள். ஒவ்வொருவரும் தங்கள் சட்டையைத் தாங்களே தைத்துக்கொள்கிறார்கள். வண்டுகளைக் குளிப்பாட்டி வண்ணம் பூசுகிறார்கள். பூவாகவும் புல்லாகவும் மேலே ஊர்வலம் வருகிறார்கள். இலையுதிர் காற்று அடித்ததும் மறுபடி அம்மாவிடம், மண்ணுக்குள் ஓடுகிறார்கள். ஓல்ஃபர்ஸ் 34 வயதில் இறந்துவிட்டார். வேர்ப் பிள்ளைகள் நூறு ஆண்டு தாண்டியும், ஒவ்வொரு வசந்தத்திலும் மழலையர் பள்ளி மேசைகளில் எழுந்து வருகிறார்கள்.

மகரந்தச் சேர்க்கை, ஒளிச்சேர்க்கை எதையும் இந்த நாடகம் சொல்லித்தருவதில்லை. ஆனால் நாடகம் முடிந்து தோட்டத்துக்குப் போகும் பிள்ளை, தரையிலிருந்து எட்டிப்பார்க்கும் பச்சை முனையைக் கண்டால் மிதிக்காமல் தாண்டிப்போகும். அங்கே யாரோ எழுந்து வருகிறார்கள் என்று அதற்குத் தெரியும். பாடம் அப்புறம் வரட்டும், உறவு முதலில் வந்துவிடுகிறது.

வகுப்பறையின் ஒரு மூலையில் 'பருவ மேசை' என்று ஒன்று வைத்திருப்பார்கள். இலையுதிர் காலத்தில் அதில் காய்ந்த இலைகளும் கொட்டைகளும். குளிரில் வெள்ளைக் கம்பளியும் கற்களும். வசந்தத்தில் முளைவிட்ட கிண்ணம். நாடகப் பொம்மைகளும் பெரும்பாலும் கம்பளி, பட்டு, பருத்தி, மரம், தேன்மெழுகு என்று கைக்கு உயிரோட்டம் தெரியும் பொருட்களால் ஆனவை. பிள்ளைகள் நடைபயணத்தில் பொறுக்கிய காய்களே அடுத்த வாரம் மேடையில் மரங்களாக நிற்கும்.

இசையும் அப்படியே. அந்தக் குட்டி யாழில் பெரும்பாலும் ஐந்து சுரங்கள்தான்: டி, ஈ, ஜி, ஏ, பி. எந்தத் தந்தியை எப்படித் தொட்டாலும் அபசுரம் தட்டாது என்பதால் குழந்தை கையிலும் கொடுக்கலாம். நம் காதுக்கு இது புதிதல்ல. ஜி-யை சட்ஜமாக வைத்தால் இந்த ஐந்தும் மோகனம். டி-யை வைத்தால் சுத்த சாவேரி. ஸ்டுட்கார்ட் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கும் அதே சுரங்கள்தான் நம் வீட்டுத் தாலாட்டுகள் பலவற்றிலும் இருக்கின்றன.

ஓநாயைக் காட்டலாமா?

தேவதைக் கதை என்றதும் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு சங்கடம். ஓநாய் பாட்டியை விழுங்குகிறது, சூனியக்காரி அடுப்பில் வேகிறாள், மாற்றாந்தாய் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறாள். இதையெல்லாம் மழலைக்குக் காட்டலாமா?

இந்தக் கதைகள் முதலில் குழந்தைகளுக்கென்று அச்சேறியவை அல்ல. இவற்றைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் முதல் தொகுதியை ஆய்வுக் குறிப்புகளோடு வெளியிட்டார்கள். வாய்மொழி மரபைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கம். பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, 1825-இல் 50 கதைகளைத் தேர்ந்து, தம்பி லுட்விக் எமில் வரைந்த படங்களோடு சிறிய பதிப்பு ஒன்று போட்டார்கள். அதன் பிறகே அவை வீட்டுக் கதைகளாகப் பரவின. 1976-இல் உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம், தேவதைக் கதையின் இருட்டு குழந்தைக்குத் தேவை, தனக்குள் இருக்கும் பயத்தை அது கதையில் சந்தித்து வெல்கிறது என்று வாதிட்டார். அவரது கருத்தை மறுப்பவர்களும் உண்டு.

பொம்மை நாடகம் போடும் ஆசிரியர்கள் இந்தச் சண்டைக்குள் போவதில்லை. வயதைப் பார்த்துக் கதையை எடுக்கிறார்கள். மூன்று வயதுக்கு, ஒரே செயல் திரும்பத் திரும்ப வரும் கதைகள். கிழவர் முள்ளங்கி மாதிரி ஒரு பெரிய கிழங்கைப் பிடுங்க முடியாமல் பாட்டியைக் கூப்பிட, பாட்டி பேத்தியைக் கூப்பிட, கடைசியில் எலி வந்து இழுத்ததும் கிழங்கு வெளியே வரும் ரஷ்யக் கதை. பனியில் விழுந்து கிடக்கும் ஒற்றைக் கையுறைக்குள் எலியில் தொடங்கிக் கரடி வரை ஒவ்வொன்றாகக் குடியேறும் உக்ரைன் கதை. நிறுத்தச் சொல்லத் தெரியாததால் ஊரெல்லாம் கஞ்சி பெருகும் கிரிம் கதை. நான்கைந்து வயதில், போட்டிருந்த உடைவரைக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நிற்கும் ஏழைச் சிறுமியின் மேல் நட்சத்திரங்கள் காசாகக் கொட்டும் கதை. ஓநாயும் சூனியக்காரியும் ஆறு வயதுக்கு மேல் வந்தால் போதும்.

வந்தாலும் பயம் தெறிக்காது. திரைப்படத்தில் ஓநாய் எவ்வளவு பெரிது, பல் எவ்வளவு கூர்மை என்பதை இயக்குநர் முடிவு செய்துவிடுகிறார். சாம்பல் நிறக் கம்பளி உருண்டைதான் ஓநாய் என்றால், அது எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைக் குழந்தையே தன் தைரியத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளும். ஆட்டுகிற கை கண்ணெதிரே தெரிவதும் ஒரு காப்பு. ஓநாயைப் பிடித்திருப்பது நம் டீச்சரின் கைதானே!

ஆய்வுக்கூடம் சொல்வது

பொம்மை வேறு, பொம்மை குறிக்கும் ஆள் வேறு என்று ஒரு குழந்தைக்கு எப்போது புரிகிறது? அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சி 1987-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். ஓர் அறை, அதே அறையின் குட்டி மாதிரி. மாதிரிக்குள் குட்டி பொம்மையை ஒரு நாற்காலிக்குப் பின்னால் ஒளித்துக் காட்டுவார்கள். பெரிய அறையில் பெரிய பொம்மையை அதே இடத்தில் போய்த் தேட வேண்டும். மூன்று வயதினரில் பெரும்பாலோர் நேராகப் போய் எடுத்துவிட்டார்கள். அவர்களைவிட ஆறே மாதம் சின்னவர்கள் திணறினார்கள். ஒரு பொருள் தானாகவும் இருந்து, இன்னொன்றையும் குறிக்கிறது என்பதை ஒரே நேரத்தில் மனத்தில் பிடிப்பது அந்த வயதுக்கு அவ்வளவு கடினம்.

அதைத் தொடர்ந்து அவர் கண்டது இன்னும் சுவாரசியம். குட்டி அறையை முதலில் விளையாட்டுச் சாமானாகக் கொடுத்து விளையாடவிட்டால், மூன்று வயதினரும் தடுமாறினார்கள். அதையே கண்ணாடிக்குப் பின்னால் தொடமுடியாதபடி வைத்தால், இரண்டரை வயதினருக்கும் எளிதானது. பொருள் தன்மேல் எவ்வளவு கவனத்தை இழுக்கிறதோ, அது சுட்டும் விஷயம் அவ்வளவு மறைந்துபோகிறது. பாட்டுப் பாடி, கண் சிமிட்டி, விளக்கெரியும் பொம்மையை வைத்துக் கதை சொல்லிப் பாருங்கள். குழந்தை பொம்மையைத்தான் பார்க்கும், கதையைப் பார்க்காது.

ஆசிரியர்கள் ஒரே கதையை வாரம் முழுக்கப் போடுவதற்கும் ஆய்வின் துணை இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள், அதே புதிய சொற்களை வேறு வேறு கதைகளில் கேட்ட பிள்ளைகளைவிட நன்றாகக் கற்றிருந்தார்கள். 'நேத்து சொன்ன கதையே சொல்லு' என்று பிள்ளை நச்சரிப்பது பிடிவாதம் இல்லை. அதற்கு வேண்டியது அதில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

பெட்டிக்குள் ஓர் ஊர்

இதுவரை பார்த்தது வகுப்பறை. இதே சிக்கனம் ஒரு பெரிய அரங்கிலும் எடுபடுமா? அதற்கு ஆக்ஸ்பர்க் நகருக்குப் போகவேண்டும்.

வால்டர் ஓமிச்சன் ஆக்ஸ்பர்க் நாடக அரங்கின் நடிகர், இயக்குநர். 1940-இல் படைவீரராக பிரான்ஸின் கலே நகரில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்கியிருந்தபோது, அங்கே கிடந்த பொம்மை அரங்கு ஒன்று அவர் கண்ணில் பட்டது. சக வீரர்களுக்கு ஆடிக்காட்டினார். ஊர் திரும்பியதும் மனைவி ரோஸையும் மகள்கள் ஹன்னலோர், உல்லாவையும் சேர்த்துக்கொண்டு, கதவு நிலைக்குள் அடங்குகிற சின்ன மேடை ஒன்றைக் கட்டினார். 1944 பிப்ரவரி 25-26 இரவில் விமானங்கள் ஆக்ஸ்பர்க் மேல் குண்டு வீசின. நாடக அரங்கோடு அந்த மேடையும் எரிந்தது. ஆட்டம் முடிந்து கையோடு வீட்டுக்கு எடுத்துப்போனதால் பொம்மைகள் மட்டும் தப்பின.

சரியாக நான்கு ஆண்டு கழித்து, 1948 பிப்ரவரி 26 அன்று, பழைய பரிசுத்த ஆவி மருத்துவமனைக் கட்டடத்தில் புதிய அரங்கு திறந்தது. இந்த முறை அரங்கின் பெயரே 'பெட்டி': ஆக்ஸ்பர்கர் புப்பன்கிஸ்டே. ஆபத்து என்றால் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஓடலாம் என்ற எண்ணத்தில் பிறந்த பெயர். முதல் நாடகம் 'பூட்ஸ் போட்ட பூனை'. இடிபாடுகளுக்கு நடுவே, பசியோடு இருந்த ஊரில், சாமர்த்தியத்தால் ஏழை எஜமானனைச் சீமானாக்கும் ஒரு பூனை நூலில் ஆடியது. இன்றும் ஒவ்வொரு ஆட்டமும் பெட்டியின் பலகைக் கதவு திறந்துதான் தொடங்குகிறது.

ஜெர்மனியில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1953 ஜனவரி 21 அன்று புப்பன்கிஸ்டேயின் 'பீட்டரும் ஓநாயும்' ஒளிபரப்பானது. அதற்கப்புறம் பல தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். மகள் ஹன்னலோர் ஆயிரக்கணக்கில் பொம்மைகளைச் செதுக்கினார். மைக்கேல் எண்டேயின் 'ஜிம் பட்டன்' கதை 1961-இல் திரைக்கு வந்தபோது கடல் தேவைப்பட்டது. பிளாஸ்டிக் தாளை விரித்து அசைத்தார்கள். அதுதான் கடல். அது பிளாஸ்டிக் என்று பார்த்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். கடல் என்றும் தெரியும். ஜெர்மனியில் வளர்ந்த பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பளபளக்கும் அலைகளைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார்கள். கணினி வரைந்த கடல்கள் எத்தனையோ வந்து மறந்துபோன பிறகும் இது நிற்கிறது.

அதே பிளாஸ்டிக் கடலில் 1969-இல் ஒரு பனிக்கட்டி மிதந்து வந்து, உள்ளிருந்த முட்டையிலிருந்து உர்மெல் என்ற ஆதிகாலப் பிராணி பிறந்தது. அந்தக் கதையை எழுதியவர் பெயர் மாக்ஸ் குரூஸ். ஆம், உருளைக்கிழங்குத் தலைப் பாப்பாவைக் கட்டிக்கொடுத்த கேத்தே குரூஸின் கடைசி மகன். அம்மாவின் பொம்மைப் பட்டறை, போருக்குப் பிறகு இடம்பெயர்ந்து வந்து நிலைத்ததும் ஆக்ஸ்பர்குக்கு வடக்கே இருக்கும் டோனாவோர்ட்டில்தான்.

கைத்துணிக்கும் விலை வந்துவிட்டது

குறையையும் சொல்லியாக வேண்டும். பழைய துண்டில் பிறந்த கேத்தே குரூஸ் பொம்மைகள் இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் பொருள். கிழிந்த துணியால் செய்யுங்கள் என்று ஸ்டைனர் எழுதிய பொம்மை, 'இயற்கைக் கம்பளி, தாவரச் சாயம், கையால் செய்தது' என்ற சீட்டோடு கண்ணைக் கட்டும் விலைக்கு இணையத்தில் விற்கிறது. தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிமுறை, பல நாடுகளில் வசதியுள்ளவர்கள் மட்டும் எட்டக்கூடிய தனியார் பள்ளியாக நிற்கிறது. ஸ்டைனரின் ஆன்மிகக் கோட்பாடுகளையும், மனித இனங்களைப் பற்றி அவர் எழுதியவற்றையும் கடுமையாகக் கண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. பொம்மையை எடுத்துக்கொள்ள, அதைச் சொன்னவரின் தத்துவத்தை முழுசாக விழுங்க வேண்டியதில்லை. துணியும் முடிச்சும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை.

நமக்கு இதில் இரவல் வாங்க அதிகம் இல்லை என்பதும் உண்மை. நூலால் ஆடும் மரப்பாவையைத் திருக்குறளே உவமையாகச் சொல்கிறது, 1020-ஆவது குறளில். தஞ்சைப் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் நாலரை அடி உயரமும் பத்து கிலோ கனமும் உள்ள பொம்மைகள் உண்டு. ஆட்டுபவர் தலையில் இரும்பு வளையம் அணிந்து, அதில் நூலைக் கட்டிக்கொண்டு, கைகளைக் கம்பியால் இயக்குவார். தோல்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து பிள்ளைகளை விழுந்து விழுந்து சிரிக்க வைப்பார்கள். ஆனால் இவை ஊர் கூடி, விடிய விடியப் பார்க்கும் கலைகள். மூன்று வயதுப் பிள்ளை அரிச்சந்திரன் மயானம் வருவதற்குள் அம்மா மடியில் தூங்கிப்போகும்.

அந்த வயதுக்கென்று நம் வீடுகளில் இருந்தது மரப்பாச்சி. கண் ஒரு கீறல், வாய் ஒரு கீறல், கை உடம்போடு ஒட்டியிருக்கும். அதற்குப் பழைய ரவிக்கைத் துண்டைச் சுற்றி, பெயர் வைத்து, சோறூட்டி, கல்யாணம் செய்துவைத்த பாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கொலுவில் முதல் படியில் நிற்கும் மரப்பாச்சியை ஒன்பது நாள் கழித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பிள்ளை கையில் கொடுப்பது போன்.

2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது; ஒரு வயதுப் பிள்ளைக்கு அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எல்லோருக்கும் தெரிந்த அறிவுரைதான். திரையைப் பிடுங்கினால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் வீட்டில் எழும் கேள்வி. பத்து நிமிடத்துக்காவது பதில் இங்கே இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு மேடை

பொம்மை: நைந்த வேட்டியில் முக்கால் முழச் சதுரம் ஒன்று கிழியுங்கள். நடுவில் எலுமிச்சை அளவு இலவம்பஞ்சை வைத்து, கழுத்தில் நூலைச் சுற்றிக் கட்டினால் தலை. எதிரெதிர் முனைகள் இரண்டில் சின்ன முடிச்சு, அவை கைகள். மீதித் துணி தொங்கட்டும், அதுதான் உடை. முகம் வரைய வேண்டாம்.

மேடை: ஒரு முக்காலி. மேலே பச்சைச் சேலை போட்டால் வயல். பழுப்புத் துண்டு மண். நீலத் துப்பட்டா ஆறு. வேப்பங்குச்சி மரம். கொட்டாங்கச்சி குகை. வாசலில் பிள்ளை பொறுக்கி வந்த கல், காய், இறகு எதுவும் வீணாகாது.

கதை: பழுப்புத் துண்டுக்கடியில் ஓர் அவரை விதை தூங்குகிறது. மண்புழு வந்து எழுப்புகிறது. 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று புரண்டு படுக்கிறது விதை. எறும்பு வந்து எழுப்புகிறது. 'இன்னும் கொஞ்ச நேரம்.' கடைசியில் மழை வந்து, டப் டப் டப் என்று கூரையைத் தட்டுகிறது. விதைக்குத் தூக்கம் கலைகிறது. துண்டின் மடிப்பிலிருந்து ஒரு பச்சை நூல் மெல்ல மேலே வருகிறது. வெளியே அம்மாவைப்போலப் பெரிதாக வானம். அவ்வளவுதான் கதை. மறுநாள் நிஜமாகவே ஒரு தொட்டியில் அவரை விதையை ஊன்றுங்கள்.

ஆட்டம்: நீங்கள் ஒளிந்துகொள்ள வேண்டாம். மெதுவாக நகர்த்துங்கள், பேசும் பொம்மை மட்டும் அசையட்டும். குரலை மாற்றிக் கூத்தடிக்க வேண்டாம். முடிந்ததும் எல்லாவற்றையும் துணியால் மூடுங்கள். நீதி கேட்காதீர்கள். படம் எடுக்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். எட்டு நிமிடம் போதும். திங்கட்கிழமை மறுபடி அதே கதைதான் வேண்டும் என்பார்கள். புதுசாக யோசித்துக் கஷ்டப்படாதீர்கள், அதையே சொல்லுங்கள்.